நம்ம ஊருதானேன்னு வர்றவங்க பண்ணக்கூடாத தப்புகள்

வெப்ப நாடுகளுக்குச் சுற்றுலா போறவங்களுக்கு அறிவுரை சொல்ற கட்டுரைகள் ஏகப்பட்டது இருக்கு. தண்ணியைப் பார்த்துக் குடி, தொப்பி போடு, கொசுவுக்குக் களிம்பு தடவு, பாஸ்போர்ட்டைப் பத்திரமா வை... எல்லாமே லண்டன்லயோ நியூயார்க்லயோ உக்காந்துக்கிட்டு அந்த ஊர்க்காரங்களுக்காக எழுதினது. நம்மாளுங்க யாரும் அதைப் படிக்கறதில்லை. ஏன் படிக்கணும்? நமக்குத்தான் இது சொந்த ஊராச்சே!

இந்தப் பதிவே அந்த "சொந்த ஊராச்சே"வைப் பத்தித்தான்.

வெப்ப நாட்டுக்கு வந்து உடம்பைக் கெடுத்துக்கறதுல முன் வரிசையில நிக்கறது, முதுகுல மூட்டையோட திரியற வெள்ளைக்காரன் இல்லீங்க. ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை, அஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவை லீவுக்கு வர்ற நம்ம அண்ணன், தங்கச்சி, மச்சான், அவங்க புள்ளைங்கதான். இது என் கற்பனை இல்லை. பயண மருத்துவம் பார்க்கற டாக்டர்கள் "சொந்தபந்தத்தைப் பார்க்க ஊருக்குப் போறவங்க"ன்னே ஒரு தனிப் பிரிவு வச்சிருக்காங்க. அமெரிக்காவுலயும் இங்கிலாந்துலயும் டைபாய்டு வந்து ஆஸ்பத்திரிக்குப் போறவங்கள்ல பெரும்பாலானவங்க தெற்காசியாவுக்கு, அதுவும் உறவுக்காரங்களைப் பார்க்கப் போய்ட்டு வந்தவங்க. சுற்றுலாக்காரன் ரெண்டு வாரத்துல கிளம்பிடறான், ஓட்டல்ல தங்கறான், வர்றதுக்கு முன்னாடி ஊசி போட்டுக்கறான். நம்மாளு ஒரு மாசம் இருக்கறார், சொந்தக்காரங்க வீட்ல தங்கறார், பத்து வீட்ல கை நனைக்கறார், ஊசியாவது ஒண்ணாவதுன்னு வந்து இறங்கறார்.

சரி, இதைச் சொல்றதுக்கு எனக்கு என்ன தகுதி? ஒண்ணும் கிடையாது :-) நான் டாக்டர் இல்லை. ஆனா என் ஊர் வாலிகண்டபுரம். திருச்சி - சென்னை ரோட்டோரம், பெரம்பலூருக்கு வடக்கே. வர்றவங்க போறவங்களை வேடிக்கை பார்க்கறதுக்கு இதைவிடத் தோதான ஊர் கிடையாது. இன்னிக்கு நேத்து இல்லை, ரொம்ப காலமாவே அப்படித்தான்.

வாலி சிவனைக் கண்ட ஊர், அதனால வாலிகண்டபுரம்ங்கறது தலபுராணம். வாலீஸ்வரர் கோயில் சோழர் காலத்துது. பக்கத்துலயே ரஞ்சன்குடிக் கோட்டை. 1751-ல சந்தா சாகிப்புக்குத் துணையா பிரெஞ்சுக்காரங்களும், முகமது அலிக்குத் துணையா ஆங்கிலேயரும் இங்கதான் மோதிக்கிட்டாங்க. அப்ப இன்னும் பெரிய ஆளா ஆகாத ராபர்ட் கிளைவும் அந்தப் படையோட வந்திருந்தார். நம்ம ஊர்ப் பேரு வாயில நுழையாம "வோல்கொண்டா"ன்னு எழுதி வச்சுட்டுப் போனாங்க. அந்தக் காலத்துல ஐரோப்பியச் சிப்பாய் போட்டுக்கிட்டது கம்பளித் துணியில தச்ச சிவப்புக் கோட்டு. நம்ம பெரம்பலூர் வெயில்ல... கம்பளிக் கோட்டு! நினைச்சாலே வேர்க்குதுல்ல?

அடுத்த நூற்றாண்டுல அவங்க இன்னும் விவரமா ஆனாங்க. வெயிலோட கதிர் மண்டைக்குள்ள இறங்கி மூளையைக் கலக்கிடும்னு பயந்து நெட்டியில செஞ்ச தொப்பி போட்டாங்க. (நம்ம தஞ்சாவூர்ல கோயில் பொம்மை செய்யறாங்களே, அதே மாதிரி நெட்டிதான்.) வயித்துல குளிர் பட்டா காலரா வரும்னு சொல்லி, இந்த வெயில்ல வயித்தைச் சுத்திக் கம்பளிப் பட்டை கட்டினாங்க. கெட்ட காத்துனால காய்ச்சல் வருதுன்னு ஜன்னலைச் சாத்தினாங்க. காலரா வந்தது தண்ணியில. அதை ஜான் ஸ்னோ 1854-லயே லண்டன்ல காட்டினார். மலேரியா வந்தது கொசுவுல. அதை ரொனால்டு ராஸ் 1897-ல செகந்திராபாத்துல கண்டுபிடிச்சார். அதுவரைக்கும் போர்ல செத்ததைவிட நோய்ல செத்த வெள்ளைச் சிப்பாய்தான் அதிகம்.

அவங்க முட்டாளுங்க இல்லை. பயப்பட வேண்டிய விஷயத்தை விட்டுட்டு, வேண்டாத விஷயத்துக்குப் பயந்தாங்க, அவ்வளவுதான். ஊருக்கு வர்ற நம்ம சொந்தங்களும் இன்னிக்கு அதேதான் பண்றாங்கங்கறது என் கட்சி.

எப்படின்னு கேளுங்க.

1. ராத்திரி இறங்கி, ராத்திரியே கிளம்பறது

நூத்துக்குத் தொண்ணூறு பேர் பண்ற தப்பு இது. ரொம்ப ஆபத்தானதும் இதுதான். விமானம் சென்னையில நடுராத்திரி இறங்கும். பெட்டியெல்லாம் எடுத்து வெளிய வர ரெண்டு மணி. அங்கிருந்து பெரம்பலூர்ப் பக்கம் இருநூத்தம்பது கிலோமீட்டருக்கு மேல. டிரைவர் அன்னிக்குப் பகல் முழுக்க வேற சவாரி ஓட்டிட்டு வந்தவரா இருப்பார். "விடியறதுக்குள்ள போயிடலாம் சார்"னு கிளம்புவாங்க. விடியற்காலை மூணு மணியிலேர்ந்து அஞ்சு மணி வரைக்கும் மனுஷ உடம்பு தூக்கத்துக்குக் கெஞ்சற நேரம். அந்த நேரத்துலதான் உளுந்தூர்பேட்டை தாண்டி நம்ம பக்கம் வண்டி வரும்.

மலேரியா மாத்திரை சாப்பிடணுமான்னு ஆராய்ச்சி பண்ற அதே குடும்பம், பின்சீட்டுல பெல்ட் போடாம, குழந்தையை மடியில வச்சுக்கிட்டு இந்த ரோட்டுல வரும். அந்த நாட்டுல இருந்தா குழந்தை இருக்கை இல்லாம தெருமுனைக்குக்கூடப் போகமாட்டாங்க! வெளியூர் போற பயணிங்க உயிரைப் பறிக்கறதுல சாலை விபத்துதான், தொத்து நோயைவிட ரொம்ப முன்னாடி நிக்குது. என்.எச்.45-ன்னு நாம இன்னும் பழைய நம்பரைச் சொல்ற இந்த ரோட்டோரம் இருக்கறவனுக்கு இதைப் புள்ளிவிவரம் வந்து சொல்ல வேண்டியதில்லை. விடிகாலைல "டமார்"னு சத்தம் கேட்டா என்னன்னு எங்களுக்குத் தெரியும்.

சென்னையில ஒரு ரூம் போட்டுத் தூங்கிட்டு, காலைல டிபன் சாப்டுட்டுக் கிளம்புங்க. அம்மா அப்பா ஆறு மணி நேரம் கூடக் காத்திருப்பாங்க. ஒண்ணும் கோவிச்சுக்க மாட்டாங்க.

2. கடிகாரத்தையும் கூடவே எடுத்துட்டு வர்றது

வெளிநாட்டு நேரத்தைச் சொல்லலை, வெளிநாட்டுப் பழக்கத்தைச் சொல்றேன். காலைல பத்து மணிக்கு நிதானமா எந்திரிச்சு, பதினோரு மணிக்குக் குளிச்சு, பன்னண்டு மணிக்குக் கோட்டை பார்க்கக் கிளம்பறது. ரஞ்சன்குடிக் கோட்டையில மத்தியான வெயில்ல பாறையும் கல்லுமா அனல் அடிக்கும். நாங்க யாரும் அந்த நேரத்துல அங்க போகமாட்டோம். ஆடு மாடே நிழல் தேடிப் படுத்திருக்கும்!

நம்ம பக்கம் 11 டிகிரி வட அட்சத்துல இருக்கு. வருஷத்துக்கு ரெண்டு தடவை, ஏப்ரல் மூணாவது வாரத்தை ஒட்டியும் ஆகஸ்ட் கடைசி வாக்கிலயும், உச்சிவெயில் நேரா நம்ம தலைக்கு மேல நிக்கும். நிழல் காலடியிலேயே விழும். செய்தியில சொல்ற வெப்ப அளவு நிழல்ல எடுக்கறது, வெயில்ல நிக்கற உடம்புக்கு அதைவிட அதிகம். உடம்பு புது வெக்கைக்குப் பழக ஒண்ணு ரெண்டு வாரம் பிடிக்கும். "நான் இந்த வெயில்ல கிரிக்கெட் ஆடி வளர்ந்தவன்"னு சொல்றது பதினஞ்சு வருஷத்துக்கு முந்தின உடம்பு. இப்ப இருக்கறது ஏசியில வளர்ந்த உடம்பு.

வெயில் ஏறி ஒருத்தர் உளற ஆரம்பிச்சா, தடுமாறினா, உடம்பு அனலாக் கொதிச்சா அது சாதாரண மயக்கம் இல்லை. நிழலுக்குக் கொண்டு போய், உடம்பு பூரா தண்ணி ஊத்தி, விசிறி, 108-ஐக் கூப்பிடுங்க. நினைவு தப்பினவங்க வாயில சோடா ஊத்தறதெல்லாம் வேண்டாம்.

நம்ம தாத்தா பாட்டியோட நாள் எப்படி இருந்துது? அஞ்சு மணிக்கு எந்திரிச்சு, பத்து மணிக்குள்ள வயல் வேலையை முடிச்சு, மத்தியானம் திண்ணையில துண்டை விரிச்சு, நாலு மணிக்கு மறுபடி கிளம்பினாங்க. கோயிலும் அதே மாதிரிதான், மத்தியானம் நடை சாத்திடும். சாமிக்கே ரெஸ்ட்டு! அந்தக் கணக்கைப் பிடிச்சுக்கிட்டா பாதிப் பிரச்சினை தீர்ந்துது.

(கணக்குன்னதும் ஞாபகம் வருது. சிறுவாச்சூர் மதுரகாளியம்மன் கோயில் வழக்கமாத் திங்களும் வெள்ளியும்தான் திறந்திருக்கும். புதன்கிழமை வந்துட்டுப் பூட்டின கதவைப் பார்த்துப் புலம்பாதீங்க.)

3. எந்த மாசம்னு பார்க்காம டிக்கெட் போடறது

இந்தியாவுக்கு மழைக்காலம் ஜூன்லேர்ந்து செப்டம்பர்னு வெளிநாட்டுக் கையேடுங்க சொல்லும். நமக்குப் பெருமழை ஐப்பசி, கார்த்திகை. அக்டோபர்லேர்ந்து டிசம்பர் வரைக்கும் வடகிழக்குப் பருவமழை. டிசம்பர்ல லீவு கிடைக்குதுன்னு வர்றவங்க புயலையும் சேர்த்துக் கணக்குப் போடணும். தானே புயல் கடலூர்ப் பக்கம் கரையேறினது 2011 டிசம்பர் 30. புத்தாண்டுக்கு வந்தவங்க இருட்டுல உக்காந்திருந்தாங்க. ஃபெஞ்சல் 2024 நவம்பர் 30.

மே மாசம்னா அக்னி நட்சத்திரம். பொங்கலை ஒட்டி ஜனவரி, பிப்ரவரியில வாங்க. வெயிலும் தாங்கும், கரைவெட்டி ஏரியில பறவைகளும் இருக்கும். புள்ளைங்க ஸ்கூல் லீவு ஒத்துவராதுங்கறது புரியுது. ஒத்துவரலைன்னா, வர்ற மாசத்துக்கு ஏத்த மாதிரி திட்டம் போடுங்க. மே மாசத்துல வந்து பத்துக் கோயில் பார்க்கணும்னு அடம் பிடிக்காதீங்க.

4. காரத்துக்குப் பயப்படறது, ஐஸுக்குப் பயப்படாதது

தள்ளுவண்டியில கண்ணு முன்னாடி ஆவி பறக்க வர்ற இட்லியைப் பார்த்து முகம் சுளிப்பாங்க. அதே ஆளு ஏசி ஓட்டல்ல வெட்டி வச்ச வெள்ளரிக்காயும், ஐஸ் போட்ட ஜூஸும், புதினாச் சட்னியும் கவலையே இல்லாம சாப்பிடுவார். கிருமிக்கு ஓட்டலோட நட்சத்திரம் எல்லாம் தெரியாதுங்க. சூடுதான் தெரியும். கொதிக்கக் கொதிக்க வர்றது, நாமே தோலை உரிச்சது, கண்ணெதிர்ல சீவின இளநீர் - இதெல்லாம் பெரும்பாலும் பிரச்சினை இல்லை. எங்க தண்ணின்னே தெரியாத ஐஸ், ஆறிப்போன சாம்பார், கல்யாண மண்டபத்துல காலைல செஞ்சு ராத்திரி பரிமாறற அயிட்டம்... அங்கதான் ஜாக்கிரதை. (சிறுநீரகக் கோளாறு இருக்கற பெரியவங்க இளநீரையும் டாக்டரைக் கேட்டுட்டுக் குடிங்க. அதுல பொட்டாசியம் அதிகம்.)

அப்படியும் வயித்தாலே போனா ஓஆர்எஸ் பாக்கெட்டை அதுல போட்டிருக்கற அளவு தண்ணியில கரைக்கணும். ஒரு லிட்டர் பாக்கெட்டை ஒரு டம்ளர்ல கரைச்சுக் குடிச்சா தாகமும் பேதியும் கூடும். 1971-ல வங்கதேச அகதி முகாம்ல டாக்டர் திலீப் மகலனாபிஸ் ஆயிரக்கணக்கான பேரைக் காப்பாத்தினது இந்த உப்பு - சர்க்கரைத் தண்ணியாலதான். கலர் கலரா டப்பாவுல விக்கறதெல்லாம் அது இல்லை. உலக சுகாதார நிறுவனம் சொன்ன கலவை இல்லாத பானத்துக்கு ஓஆர்எஸ்னு பேர் போடக்கூடாதுன்னு உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2025 அக்டோபர்ல உத்தரவே போட்டுது.

5. ராத்திரிக் கொசுவை மட்டும் பார்க்கறது

ராத்திரி கொசுவலை கட்டிட்டா வேலை முடிஞ்சுதுன்னு நினைப்பு. மலேரியாக் கொசு ராத்திரிக் கடிக்கும், சரி. டெங்குக் கொசு பகல்ல கடிக்கும். அதுவும் சாக்கடைல இல்லை, வீட்டு வாசல்ல மூடாம வச்ச டிரம்முல, தொட்டியில, நல்ல தண்ணியில வளரும். "எனக்குச் சின்ன வயசுலயே டெங்கு வந்துடுச்சு, இனி வராது"ன்னு சொல்றவங்க கவனிக்கணும். டெங்குல நாலு வகை. ரெண்டாவது தடவை வேற வகை வந்தா இன்னும் மோசமாகலாம். காய்ச்சல்னா பாராசிட்டமால் மட்டும். கைப்பையில இருக்கற ஆஸ்பிரின், ஐபுபுரூஃபன் எல்லாம் டெங்கு இல்லைன்னு தெரியற வரைக்கும் வெளிய வரவேண்டாம், ரத்தக்கசிவு வரும்.

அப்புறம் மலேரியா எதிர்ப்புசக்தி. சின்ன வயசுல இருந்தது பல வருஷம் வெளிய இருந்தா போயிடும். அங்கேயே பொறந்த புள்ளைக்கு அது எப்பவுமே இருந்தது கிடையாது. "என் புள்ளைதானே"ன்னு ரத்தத்துல வந்துடாது.

6. பழைய நினைப்புல கிணத்துல குதிக்கறது

நாம குதிச்ச கிணறு இப்பவும் இருக்கலாம், அதுல தண்ணி எவ்வளவுன்னு நமக்குத் தெரியாது. பச்சைக் கலர்ல அழகா இருக்கற கல்குவாரிக் குட்டை இன்னும் மோசம், ரெண்டடி தாண்டினா ஆழம் அதலபாதாளம். ராத்திரி சோளக்காட்டு வரப்புல டார்ச் இல்லாம நடக்கறதும் அப்படித்தான். பாம்பு கடிச்சா கீறாதீங்க, இறுக்கிக் கட்டாதீங்க, கடிபட்டவரை ஆடாம அசையாம ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க. தெருநாய் கடிச்சா, கீறினாக்கூட, சோப்புப் போட்டு ஓடற தண்ணியில பதினஞ்சு நிமிஷம் கழுவிட்டு அன்னிக்கே ஊசி. "திரும்பிப் போய்ப் போட்டுக்கறேன்"னு தள்ளிப் போடக்கூடாத விஷயம் இது. வெறிநோய் வந்துட்டா வைத்தியம் கிடையாது.

லிஸ்ட் போதும். இப்ப கொஞ்சம் நம்ம பக்கம் திரும்புவோம். ஊர்ல இருக்கற நாம.

மேல சொன்ன தப்பெல்லாம் வர்றவங்களுக்குத் தெரியாமலா பண்றாங்க? பாதிப் பேருக்கு நல்லாவே தெரியும். தெரிஞ்சும் ஏன் பண்றாங்கன்னா, நமக்குப் பயந்துதான்!

பாட்டில் தண்ணியைக் கையில எடுத்தா "பொறந்து வளர்ந்த ஊர்த் தண்ணி இப்ப ஒத்துக்கலையாமா?"ன்னு ஒரு அத்தை கேப்பாங்க. குழந்தைக்குக் களிம்பு தடவினா "எங்க புள்ளைங்களைக் கொசு கடிக்கலையா?"ன்னு ஒரு சித்தப்பா. பாயசம் வேண்டாம்னா மூணு தலைமுறைக்கும் பேச்சு. வீட்டுக்கு வந்தவங்க சாப்பிடாமப் போனா மரியாதைக் குறைச்சல்னு நாம நினைக்கறோம். அந்த மரியாதைக்காக மருமகள் ஒரு டம்ளர் மோரைக் குடிச்சுட்டு, மூணு நாள் படுத்துட்டு, ஊரைச் சுத்திப் பார்க்காமலே திரும்பிப் போறா. அந்தப் புள்ளை அடுத்த தடவை "தாத்தா ஊருக்கு வரமாட்டேன், அங்க போனா வயிறு வலிக்கும்"னு சொல்லுது. இதுல யாருக்கு என்ன மரியாதை மிஞ்சுது?

எனக்கு இதுதான் உறுத்துது. காய்ச்சல் நாலு நாள்ல போயிடும். வராமலே போன பேரப்புள்ளைங்க திரும்ப வர்றது கஷ்டம். வாசல்ல உக்காந்து ரோட்டைப் பார்த்துட்டு இருக்கற பெருசுங்க எங்க தெருவுலயே எத்தனை பேரு!

அதனால ஊர்க்காரங்களுக்கு என் கோரிக்கை சின்னதுதான். அவங்க வர்ற அன்னிக்குத் தண்ணியைக் கொதிக்க வச்சு ஆறவச்சு நீங்களே பானையில ஊத்தி வைங்க. டிரம்மை மூடி வைங்க. சாப்பாட்டைச் சூடா போடுங்க, போதும்னா விட்டுடுங்க. பாட்டிலைப் பார்த்தா கிண்டல் பண்ணாதீங்க. அது பந்தா இல்லை, மறுபடியும் வர்றதுக்கான ஏற்பாடு.

வர்றவங்களுக்கு: கிளம்பறதுக்கு ஒரு மாசம், ஒன்றரை மாசம் முன்னாடியே டாக்டரைப் பார்த்து டைபாய்டு, மஞ்சள்காமாலை ஊசியெல்லாம் கேட்டுக்கோங்க. சுற்றுலாக்காரன் மாதிரி தயாராகுங்க, சொந்தக்காரன் மாதிரி வந்து இருங்க. ரெண்டுக்கும் சண்டை கிடையாது.

"ரொம்பத்தான் பயமுறுத்தறே, இதெல்லாம் பார்த்தா யாரும் ஊருக்கே வரமாட்டாங்க"ன்னு சொல்வீங்க. நான் வரவேண்டாம்னு சொல்லலை. சாயங்காலம் நாலரை மணிக்கு மேல கோட்டை மதில்ல காத்து வாங்கிக்கிட்டு நின்னு பாருங்க. சாத்தனூர் கல்மரத்தைப் பாருங்க, கோடிக்கணக்கான வருஷத்துக்கு முன்னாடி வாழ்ந்த மரம் கல்லாகிப் படுத்திருக்கு. (அரியலூர்ப் பக்கம் கிளிஞ்சல் கல் கிடைச்சா பையில போட்டுக்காதீங்க, அது அங்கேயே இருக்கட்டும்.) கங்கைகொண்டசோழபுரத்துல காலை வெயில் விமானத்து மேல ஏறறதைப் பாருங்க. இதையெல்லாம் படுக்கையில இருந்துக்கிட்டுப் பார்க்க முடியாதேங்கறதுதான் என் கவலை.

டிஸ்கி: நான் டாக்டர் இல்லைன்னு முன்னாடியே சொல்லிட்டேன். மாத்திரை, ஊசி விஷயமெல்லாம் உங்க டாக்டர் சொல்றதுதான் கடைசி வார்த்தை. உங்க ஊருக்கு வர்றவங்க வழக்கமாப் பண்ற தப்பு என்னன்னு பின்னூட்டத்துல சொல்லிட்டுப் போங்க. கடலோரத்து ஆளுங்களும் மலைப்பக்கத்து ஆளுங்களும் கண்டிப்பா எழுதணும், அந்த ஊர்க் கதையே வேறயா இருக்கும் :-)